சுவருக்குச் சாம்பல் போதும். ஆனால் முதல் சுவர் யாருடையது?

மாணவர்களே, ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். நம் வீடமைப்புப் பகுதிகளில் சுவர் எழுப்பப் பயன்படும் சாதாரணக் கல் ஏறக்குறைய 215 மில்லிமீட்டர் நீளமும் 102.5 மில்லிமீட்டர் அகலமும் 65 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. 3 மீட்டர் உயரத்துக்குச் சுவர் எழுப்பினால், அடிவரிசைக் கல்லின்மீது அதற்கு மேலே உள்ள எல்லாக் கற்களின் எடையும் இறங்கும். ஒரு கன மீட்டர் சுவரின் எடை 2,000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுவரின் உயரத்தாலும், புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆலும் பெருக்குங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 58,800 நியூட்டன் என்று விடை வரும். சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினால், வெறும் 0.06 நியூட்டன்.

சுமாரான தரமுள்ள கல்கூட ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 5 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும். அதாவது தேவையைவிட 80 மடங்கு. அந்தக் கல்லைச் சோதனைக்கூட இயந்திரத்தில் வைத்து நசுக்கினால், 11 டன் பாரம் ஏறும்வரை அது உடையாது.

வீட்டின் கூரையையும் மாடியையும் சுவர்தானே சுமக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மலேசியாவில் கட்டப்படும் பெரும்பாலான தொடர்வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் அந்த வேலையைச் செய்பவை இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும்தான். கட்டுமானம் நடக்கும் இடத்தைக் கடந்து போகும்போது கவனியுங்கள். முதலில் தூண்களும் தளங்களும் எலும்புக்கூடு போல் எழும்பி நிற்கும். கல் சுவர் அதற்குப் பிறகுதான் வரும். இடைவெளியை அடைப்பது, மழையையும் வெயிலையும் தடுப்பது, சத்தத்தைக் குறைப்பது, தீ பரவாமல் காப்பது ஆகியவையே அதன் வேலை.

பாரம் சுமக்காத இந்தச் சுவரின் கற்களைச் செய்யவும் நாம் சிமெண்டைத்தான் கொட்டுகிறோம். தூண்களுக்குச் சிமெண்டு வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சுவர்க் கற்களுக்கு அது கட்டாயமில்லை. நம் ஆலைகள் தூக்கி எறியும் சாம்பலையும் கசடையும் கொண்டே அவற்றைச் செய்யலாம். ஆனால் அந்தக் கற்களால் முதலில் யாருடைய சுவரைக் கட்டுவது என்ற கேள்வியில் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இதுவே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வரும் கருத்து.

பத்துமலையும் சிமெண்டும்

பத்துமலையின் 272 படிகளில் ஏறியிருப்பீர்கள். அந்தக் குன்று முழுவதும் சுண்ணாம்புப் பாறை. ஈப்போவைச் சுற்றி நிற்கும் குன்றுகளும் அதே பாறைதான். வேதியியலில் அதன் பெயர் கால்சியம் கார்பனேட். சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருள் இதுவே.

சுண்ணாம்புப் பாறையைக் களிமண்ணோடு அரைத்து, சுழலும் நீண்ட உலையில் 1,450 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் கால்சியம் கார்பனேட் இரண்டாகப் பிரிகிறது. கால்சியம் ஆக்சைடு உலையில் தங்குகிறது. கரிவளி, அதாவது கார்பன் டை ஆக்சைடு, புகைபோக்கி வழியாகக் காற்றில் கலக்கிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புப் பாறையிலிருந்து 44 கிலோ கரிவளி வெளியேறும். உங்கள் வேதியியல் பாடத்தில் வரும் மோல் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது சரியாக வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கரிவளி எரிபொருளிலிருந்து வரவில்லை, பாறைக்குள்ளிருந்தே வருகிறது. உலையைச் சூரிய சக்தியால் சூடாக்கினாலும் இது வெளியேறத்தான் செய்யும். சிமெண்டு ஆலை வெளியேற்றும் கரிவளியில் பாதிக்கு மேல் இப்படிப் பாறையிலிருந்து கிளம்புவதுதான். மீதி, உலையை எரிப்பதால் வருவது. உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டன் சிமெண்டைத் தயாரிக்கிறது. மனிதர்கள் வெளியேற்றும் கரிவளியில் 7 முதல் 8 விழுக்காடு இந்த ஒரே பொருளால் வருகிறது.

இதை ஒரு வீட்டுக்குக் கணக்கிடுவோம். ஒரு வீட்டுக்கு 150 சதுர மீட்டர் சுவர் தேவை என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 60 கற்கள் வீதம், மொத்தம் 9,000 கற்கள். ஒரு பங்கு சிமெண்டும் ஆறு பங்கு மணலும் கலந்து செய்யும் கல் ஒன்றில் ஏறத்தாழ 400 கிராம் சிமெண்டு இருக்கும். ஆக, 9,000 கற்களில் 3.6 டன் சிமெண்டு. ஒரு டன் சிமெண்டுக்கு 0.8 டன் கரிவளி என்று எடுத்துக்கொண்டால், சுவர்க் கற்களுக்காக மட்டும் ஒரு வீடு ஏறக்குறைய 3 டன் கரிவளியை வெளியேற்றுகிறது. கற்களை ஒட்டும் சாந்தையும் மேற்பூச்சையும் இதில் சேர்க்கவில்லை.

சாம்பல் எப்படிக் கல்லாகும்?

பாட்டி வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைப் பார்த்திருப்பீர்கள். நீற்றிய அந்தச் சுண்ணாம்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு. அதைக் காற்றில் விட்டுவைத்தால் கரிவளியை மெல்ல உறிஞ்சிக் காய்ந்து இறுகும். ஆனால் அது மட்டும் இருந்தால் உறுதியான கல் கிடைக்காது. அதனோடு சேர்ந்து வேலை செய்ய ஒரு துணை வேண்டும்.

அந்தத் துணையை ரோமானியர்கள் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். இத்தாலியின் பொட்ஸுவோலி நகருக்கு அருகில் கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து கட்டினார்கள். எரிமலைச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் அதிகம். கடும் சூட்டிலிருந்து திடீரெனக் குளிர்ந்ததால், அவற்றின் அணுக்கள் படிகம்போல் ஒழுங்காக அடுங்காமல் கண்ணாடிபோல் கலைந்து கிடக்கும். அதனால் அவை எளிதில் வினைபுரியும். சுண்ணாம்பும் நீரும் சேர்ந்தால், சிலிக்கா அவற்றோடு இணைந்து கால்சியம் சிலிகேட் பசையாக மாறி இறுகுகிறது. இன்றைய சிமெண்டுக்கு உறுதி தருவதும் ஏறக்குறைய இதே பசைதான்.

நம்மிடம் எரிமலை இல்லை. ஆனால் அதே வகைச் சாம்பல் நம் அனல்மின் நிலையங்களிலும் செம்பனை ஆலைகளிலும் நாள்தோறும் உருவாகிறது. அதைக் கல்லாக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, சிமெண்டின் ஒரு பகுதியை மட்டும் சாம்பலால் மாற்றுவது. எளிதானது, ஏற்கெனவே பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது.

இரண்டாவது வழி, சாம்பலோடு சுண்ணாம்பையும் ஜிப்சத்தையும் கலந்து அழுத்தி, சிமெண்டே இல்லாமல் கல் செய்வது. இந்தியாவின் விசாகப்பட்டினத்தில் பானுமதிதாஸ், காளிதாஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் உருவாக்கிய 'ஃபால்-ஜி' முறை இதுவே. இதில் சூளை கிடையாது. கற்களை நீர் தெளித்தே பதப்படுத்துவார்கள். சுண்ணாம்பைப் புதிதாகச் சுட்டால் அங்கும் கரிவளி வரும் அல்லவா? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. கால்சியம் கார்பைடில் நீர் சேர்த்து அசெட்டிலின் வாயு தயாரிக்கும் ஆலைகளில், கால்சியம் ஹைட்ராக்சைடு சேறாக மிஞ்சுகிறது. ஜிப்சமும் வேறு ஆலைகளில் கழிவாகக் கிடைக்கிறது. ஆக, மூன்று கழிவுகள் சேர்ந்து ஒரு கல்.

மூன்றாவது வழி, சாம்பலைச் சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் சிலிகேட் போன்ற கடுங்காரங்களால் தூண்டி இறுக வைப்பது. இப்படிக் கிடைக்கும் பொருளுக்கு 'ஜியோபாலிமர்' என்று 1970-களில் பெயர் வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசஃப் டேவிடோவிட்ஸ். கல் மிக உறுதியாக வரும். ஆனால் சோடியம் சிலிகேட் செய்ய மணலையும் சோடாவையும் 1,000 பாகைக்கு மேல் உருக்க வேண்டும். அதற்கும் எரிபொருள் வேண்டும், பணமும் வேண்டும். கடுங்காரம் தோலில் பட்டால் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கலாம்.

செய்திகளில் அதிகம் பேசப்படுவது மூன்றாவது வழி. மலிவான சுவர்க் கல்லுக்கு ஏற்றது இரண்டாவது வழிதான் என்பது என் கருத்து. நமக்கு வேண்டியது பாலம் கட்டும் உறுதி அல்ல. சுவருக்குப் போதுமான உறுதி வேண்டும். அதைச் செய்யும் தொழிலாளிக்கு ஆபத்தும் இருக்கக் கூடாது.

நம்மிடம் இருக்கும் சாம்பல்

உங்களில் பலருடைய தாத்தா பாட்டி தோட்டங்களில் வாழ்ந்தவர்களாக இருப்பார்கள். செம்பனை ஆலை அவர்களுக்குப் புதிதல்ல. ஆலையில் பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரையும் ஓட்டையும் பாய்லரில் போட்டு எரிப்பார்கள். அந்த நீராவிதான் ஆலையை ஓட்டும். பாய்லரிலிருந்து வாரிய சாம்பலை ஆலையின் பின்புறம் கொட்டுவார்கள். காற்றடித்தால் அது பறக்கும். மழை பெய்தால் கரைந்து ஓடையில் சேரும்.

மலேசியாவில் இன்று 400-க்கும் மேற்பட்ட செம்பனை ஆலைகள் இயங்குகின்றன. ஒரு மணி நேரத்தில் 60 டன் குலையை ஆட்டும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். குலையின் எடையில் ஏறத்தாழ 13 விழுக்காடு நார், 6 விழுக்காடு ஓடு. இரண்டும் சேர்ந்து மணிக்கு 11 டன்னுக்குச் சற்று மேல் வரும். எரித்தபின் அதில் 5 விழுக்காடு சாம்பலாக மிஞ்சும். அதாவது மணிக்கு அரை டன்னுக்கு மேல். ஆலை 20 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 11 டன் சாம்பல். சில ஆலைகள் ஓட்டை வெளியே விற்றுவிடுவதால் அளவு குறையலாம்.

பாய்லர் சாம்பலை அப்படியே கலக்க முடியாது. அதில் சரியாக எரியாத கரி கிடக்கும். துகள்களும் பெரிதாக இருக்கும். சலித்து, அரைத்து, மாவுபோல் ஆக்கிய பிறகே சிலிக்கா வேலை செய்யும். அதனால் 11 டன்னில் பாதிதான் தேறும் என்று வைத்துக்கொள்வோம். முன்பு பார்த்த கல்லில் 400 கிராம் சிமெண்டுக்குப் பதிலாக 200 கிராம் சாம்பலும் 200 கிராம் சுண்ணாம்பும் சேர்த்தால், ஓர் ஆலையின் ஒரு நாள் சாம்பல் 27,000 கற்களுக்குப் போதும். அது மூன்று வீடுகளின் சுவர்.

இன்னொரு வகை, நிலக்கரிச் சாம்பல். காப்பார், மஞ்சோங், ஜிமா, தஞ்சோங் பின் ஆகிய இடங்களில் உள்ள அனல்மின் நிலையங்களில் இது பெருமளவில் கிடைக்கிறது. மிக மென்மையானது, அரைக்க வேண்டிய வேலை குறைவு. ஆனால் 2044-ஆம் ஆண்டுக்குள் நிலக்கரி மின் உற்பத்தியை நிறுத்துவது மலேசிய அரசின் இலக்கு. நின்றுபோகப் போகும், நின்றுபோக வேண்டிய ஒரு கழிவை நம்பி ஒரு தொழிலை நிறுவுவது புத்திசாலித்தனம் அல்ல. இதுவரை கொட்டிவைத்த நிலக்கரிச் சாம்பலைப் பயன்படுத்தித் தீர்க்கலாம். நீண்ட காலத்துக்கு நாம் நம்பக்கூடியது செம்பனைச் சாம்பல்தான். அதனால் நம் ஆய்வும் முதலீடும் அந்தப் பக்கம் போக வேண்டும்.

செய்து பார்த்தவர்கள் உண்டு

இது கற்பனை அல்ல. செம்பனைச் சாம்பலைக் கான்கிரீட்டில் சேர்க்கலாம் என்று சிங்கப்பூரில் 1990-லேயே ஆய்வு வெளிவந்தது. ஜொகூரில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் அதன்பின் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்திருக்கின்றன. சபா பல்கலைக்கழக வளாகத்தில் 2003-இல் ஒரு சிறிய மலிவு விலை வீட்டையே கட்டினார்கள். ஏறத்தாழ 59 சதுர மீட்டர் பரப்பு. கான்கிரீட்டில் கருங்கல் சல்லிக்குப் பதிலாகச் செம்பனை ஓடு; சுவர்களுக்கு அதே ஓடு கலந்த உள்ளீடற்ற கற்கள். அந்த வீட்டில் சிமெண்டு இருந்தது. மாற்றப்பட்டது சல்லி மட்டுமே. இருந்தாலும் கடலோர ஈரத்திலும் கனமழையிலும் ஆலைக் கழிவால் ஆன சுவர் நிற்கும் என்பதை அது காட்டியது.

இந்தியா சட்டத்தின் மூலம் இதைச் செய்தது. அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டர் சுற்றளவில் செங்கல் செய்பவர்கள் குறைந்தது 25 விழுக்காடு சாம்பலைக் கலக்க வேண்டும் என்று 1999-இல் அரசு ஆணை பிறப்பித்தது. சாம்பலை இலவசமாகக் கொடுக்கும்படி மின் நிலையங்களுக்கும் உத்தரவிட்டது. பிறகு அந்தத் தூரம் 100 கிலோமீட்டராகவும், அதன்பின் 300 கிலோமீட்டராகவும் நீண்டது. இன்று இந்திய நகரங்களில் சாம்பல் நிறக் கல் சர்வ சாதாரணம்.

பிறகு ஏன் கடையில் கிடைக்கவில்லை?

நம் நாட்டில் ஆய்வுக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் கட்டுமானப் பொருள் கடைக்குப் போய்ச் 'செம்பனைச் சாம்பல் கல் இருக்கிறதா?' என்று கேட்டால் சிரிப்பார்கள். காரணம் வேதியியல் அல்ல.

முதல் காரணம், நேரம். சிமெண்டுக் கல் சில நாள்களில் விற்பனைக்குத் தயாராகிவிடும். சாம்பல், சுண்ணாம்புக் கல் மெல்ல இறுகும். பல வாரங்கள் நனைத்து அடுக்கி வைத்திருக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும். விற்காத கல்லில் முதலும் முடங்கும். சிறு முதலாளியால் அதைத் தாங்க முடியாது.

இரண்டாவது, ஒரே சீராக இல்லாமை. சிமெண்டு மூட்டையைப் பிரித்தால் இன்றும் அடுத்த மாதமும் ஒரே சரக்கு. சாம்பலோ ஆலைக்கு ஆலை மாறும். நார் அதிகம் எரிந்த நாளில் ஒரு மாதிரி, ஓடு அதிகம் எரிந்த நாளில் வேறு மாதிரி. ஒவ்வொரு முறையும் சோதித்துக் கலவையைத் திருத்த வேண்டும்.

மூன்றாவது, தூரம். கல் கனமானது, விலை குறைந்தது. அதை லோரியில் 200 கிலோமீட்டர் கொண்டு போனால், கல்லின் விலையைவிட ஏற்றுக்கூலி அதிகமாகிவிடும். மிச்சம் பிடித்த கரிவளியும் லோரிப் புகையில் போய்விடும். எனவே நாட்டுக்கு ஒரு பெரிய ஆலை என்பது இதற்குப் பொருந்தாது. செம்பனை ஆலைகளுக்கு அருகிலேயே சிறு பட்டறைகள் வேண்டும். தோட்டத்தை ஒட்டிய சிற்றூர்களில் இளைஞர்களுக்கு வேலை கிடைக்கவும் இது வழி செய்யும்.

'சிமெண்டை முழுவதும் விடுவது இவ்வளவு சிரமம் என்றால், பாதியாகக் குறைத்தால் போதாதா?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. போதும், இப்போதைக்கு. பாதியைக் குறைத்த கல் நாளைக்கே சந்தைக்கு வருமானால், முழுவதையும் விட்ட கல்லுக்காகப் பத்தாண்டுகள் காத்திருப்பதைவிட அது மேல். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. பாதியைக் குறைத்தாலும் ஒரு வீட்டின் சுவருக்கு ஒன்றரை டன் கரிவளி வெளியேறிக்கொண்டேதான் இருக்கும்.

அச்சமும் நியாயமானதே

'தொழிற்சாலைக் கழிவு' என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் முகம் சுளிப்பார்கள். அது அறியாமை என்று ஒதுக்க மாட்டேன். 2019 மார்ச் மாதத்தில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் பள்ளி மாணவர்கள். அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. கழிவைப் பற்றி யாராவது 'பயப்படாதீர்கள்' என்று சொன்னால், 'எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

எல்லாச் சாம்பலும் சுவருக்கு ஏற்றதல்ல. நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், குரோமியம், பாதரசம் போன்றவை சிறு அளவில் இருக்கும். யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் சுவடும் இருக்கும். உரத் தொழிலில் மிஞ்சும் ஜிப்சத்தில் ரேடியம் இருக்கக்கூடும். இதனால்தான் கன உலோகங்கள் உள்ள சாம்பலை, 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் எஸ்.டபிள்யூ. 104 என்ற குறியீட்டின் கீழ் கட்டுப்படுத்தின. யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போக முடியாது. கல் செய்பவருக்கு இது தொல்லைதான். ஆனால் இந்த வேலியை உடைக்கச் சொல்லக் கூடாது. பாதுகாப்பான சாம்பல் சோதனைக்குப் பின் உள்ளே வருவதற்கு ஒரு வாசல் வைக்கச் சொல்ல வேண்டும்.

சோதனை கடினமானதும் அல்ல. கல்லை உடைத்து, அமிலம் கலந்த நீரில் ஊறவைத்து, எந்த உலோகம் எவ்வளவு கசிகிறது என்று அளப்பார்கள். நன்றாக இறுகிய கல்லில் உலோக அயனிகள் பசைக்குள் சிக்கிக்கொள்வதால் கசிவு குறையும். சரியாக இறுகாத கல் தோற்றுப்போகும். கதிரியக்கத்தை அளக்கவும் கருவிகள் உள்ளன. எவ்வளவு நீர் உறிஞ்சுகிறது, நனைந்து காய்ந்து மீண்டும் நனைந்தால் விரிசல் விடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆண்டு முழுதும் மழை பெய்யும் நம் நாட்டில் இது மிக முக்கியம். இவற்றில் தேறிய கல்லை அச்சமின்றிப் பயன்படுத்தலாம். தேறாத கல்லை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

முதல் சுவர் யாருடையது?

புதிய மலிவுக் கல் என்றவுடன் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, 'ஏழைகளுக்கு வீடு கட்டலாம்' என்ற எண்ணம். நல்லெண்ணம்தான். ஆனால் இதை நான் ஏற்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். இருபது ஆண்டுகள் கழித்து அந்தச் சுவர் எப்படி இருக்கும் என்பதை நம் நாட்டு மழையில் இன்னும் போதிய அளவு பார்க்கவில்லை. அப்படியிருக்க, அதை முதலில் மலிவு விலை அடுக்குமாடிகளில் வைத்தால், அங்கே குடியிருப்பவர்களே சோதனைக்கு உட்படுகிறார்கள். சுவர் ஒழுகினால் பழுதுபார்க்க அவர்களிடம் பணம் இராது. வேறு இடத்துக்குப் போகவும் வழி இராது. ஏதோ ஒன்று கெட்டுப்போனால், 'சாம்பல் வீடு' என்று ஊரே பெயர் வைத்துவிடும். அத்துடன் அந்தக் கல்லின் கதையும் முடிந்துவிடும்.

ஆகவே முதல் சுவர் அரசினுடையதாக இருக்கட்டும். முதல் சில ஆண்டுகள் சுற்றுச்சுவர், கார் நிறுத்துமிடம், சேமிப்புக் கிடங்கு, நடைபாதை என்று, விரிசல் விட்டாலும் யாருக்கும் ஆபத்தில்லாத இடங்களில் கட்டுங்கள். அடுத்து அரசு அலுவலகங்களில் கட்டுங்கள். எந்தக் கல், எந்த ஆலைச் சாம்பல், எப்போது கட்டியது என்று எழுதி வைத்து, ஆண்டுதோறும் அளந்து எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அமைச்சரின் அலுவலகச் சுவரில் நிலைத்த கல்லைப் பிறகு மக்கள் வீட்டுக்குக் கொடுங்கள். அப்போது அது சோதனைப் பொருள் அல்ல, தேறிய பொருள்.

இதனால் இன்னொரு பயனும் உண்டு. மெல்ல இறுகும் கல்லைச் செய்பவருக்கு முதல் முடங்கும் என்று பார்த்தோம். பொதுப்பணித் துறை 'இந்த ஆண்டு இத்தனை கற்கள் வாங்குவோம்' என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்தால் அந்தக் கவலை தீரும். சிரிம் போன்ற அமைப்பு செம்பனைச் சாம்பல் கல்லுக்கெனத் தரத்தை வகுத்து முத்திரை கொடுத்தால், கட்டுமானக் குத்தகையாளர் நம்பி வாங்குவார். சாம்பலைக் கொட்டுவதற்கு ஆலை கொடுக்கும் செலவு ஏறினால், அதைப் பட்டறைக்குத் தருவதே அதற்கும் இலாபமாகும். மலிவு என்பது கழிவு இலவசம் என்பதால் மட்டும் வந்துவிடாது; இப்படி ஒவ்வொருவருக்கும் வசதி செய்து கொடுத்தால்தான் வரும்.

உங்களுக்கு ஒரு வேலை

மாணவர்களாகிய நீங்கள் இதில் செய்யக்கூடியது என்ன? கடுங்காரத்தைக் கலந்து பார்க்கும் வேலையில் மட்டும் இறங்காதீர்கள். பாய்லர் சாம்பலையும் வெறுங்கையால் அள்ளாதீர்கள்; அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதல்.

பாதுகாப்பாகச் செய்யக்கூடியவை நிறைய உண்டு. ஒரு செங்கல்லையும் ஒரு சிமெண்டுக் கல்லையும் எடுத்து, நன்கு காயவைத்து எடை போடுங்கள். 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடியும் எடை போடுங்கள். எடை எத்தனை விழுக்காடு கூடியது? எந்தக் கல் அதிகம் குடித்தது? உங்கள் பள்ளிச் சுற்றுச்சுவரின் நீளத்தையும் உயரத்தையும் அளந்து, அதில் எத்தனை கற்கள், எவ்வளவு சிமெண்டு, எவ்வளவு கரிவளி என்று கணக்குப் போடுங்கள். அறிவியல் விழாவுக்கு நல்ல தலைப்பாக அமையும்.

அடுத்த முறை உங்கள் பள்ளியில் புதிய சுவர் எழும்பும்போது ஆசிரியரிடமோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமோ இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கல்லில் என்ன இருக்கிறது? அதை யார் சோதித்தார்கள்? இன்று இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல ஆள் இருக்க மாட்டார். கேட்பவர்கள் பெருகினால் விடை சொல்ல வேண்டிய கட்டாயம் வரும். கட்டுமானத்துறையில் பொறியியலாளர்களாக நீங்கள் நுழையும்போது, செம்பனைச் சாம்பல் கல்லுக்கு ஒரு தரமும், அது நின்று காட்டிய சில அரசுச் சுவர்களும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதற்கான வேலையை இப்போதே தொடங்கினால்தான் அது நடக்கும்.